பாடு இல்லை

பாம்பன் கரையில் வெயில் மங்கிக்கொண்டிருக்கிறது. வேலை, கூலி பற்றி அரசுக்காகக் கணக்கெடுக்க வந்த பாண்டிச்செல்வி, மீனவர் சந்தியாகு கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின்மேல் சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து அதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அவள் குரல் கம்மிவிட்டது. அவர் வலையில் சிக்கிய பாலிதீன் பைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுகிறார். “போன வாரம் வேலைக்குப் போனீங்களாண்ணே?” என்கிறாள். “தெனமும் கடலுக்குப் போனேன் தாயி.” “கூலி?” “கூலி ஏது. கெடைக்கிறதுல பங்குதான்.” “இப்ப நெலம எப்படி?” அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாடே இல்ல. ஒரு மாசமாவே இல்ல.”

இந்தக் கரையில் பாடு என்றால் வலையில் விழும் மீன். கமுதிப் பக்கத்துக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவளுக்குப் பாடு என்றால் கஷ்டம். இன்றைக்கு ஒருவராவது இப்படிச் சொன்னாரே என்று அவள் முகம் கொஞ்சம் தெளிகிறது. மொபைலில் ‘சிரமம் இல்லை’ என்ற இடத்தைத் தொடுகிறாள். அரசு உதவி பற்றிய கேள்விகளை மொபைல் தானாகவே தாண்டிப் போய்விடுகிறது.

“அம்புட்டுத்தானா?” என்கிறார் அவர்.

“அம்புட்டுத்தாண்ணே.”

எழுந்தவள், மீன்பெட்டியின் ஈரம் ஒட்டியிருக்குமோ என்று சுடிதாரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறாள். துளி ஈரம் இல்லை.