நான்காம் கூடத்துத் துக்க வீடு

அருங்காட்சியகத்தின் நான்காம் கூடத்தில் மங்கையர்க்கரசி உயிருள்ள காட்சிப்பொருளாகக் குடியேறிப் பதினோரு மாதம் ஆகிறது. கண்காட்சி மாறும்போதெல்லாம் அவள் வீடும் மாறும். பொங்கல் வீட்டில் தினமும் பால் பொங்கவிட்டாள். வளைகாப்பு வீட்டில் பஞ்சு வயிற்றோடு வெட்கப்பட்டாள். வெள்ளம் புகுந்த வீட்டில் இரண்டு மாதம் முழங்கால் தண்ணீரில் நின்று சமைத்தாள். ஒப்பந்த வருடம் முடியும்வரை வெளிக்கதவு அவளுக்குத் திறக்காது.

கடைசிக் கண்காட்சி, துக்க வீடு. பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். இறந்தது அப்பா என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளும் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

மதியம் அவளுடைய அண்ணன் தில்லை வந்தான். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று வந்திருந்தான்.

"மங்கை, நெசமாவே அப்பா போயிட்டாரும்மா. விடியக்காலைல."

காதுக்குள் இருந்த கருவியில் மேற்பார்வையாளர் பேசினார். "இப்பதான் மேடம் அழுகை சரியா வருது. அப்படியே புடிச்சுக்கங்க."

மூன்று நிமிடமும் அவளால் அழத்தான் முடிந்தது. மணி அடித்தது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை. அண்ணன் சொல்லாமல் எழுந்து போனான்.

அந்த இடத்தில் ஒரு நடுவயதுப் பெண் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா ஆச்சு?"

மங்கைக்குத் தெரியாது. அண்ணனிடம் அதைக் கேட்கவே இல்லை.

"தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்று எழுதிக் கொடுத்திருந்ததைச் சொன்னாள்.