கொசுறு

"படிக்க வேணாம்னு நான் சொல்லல மச்சான். ஆவடிலேர்ந்து பூந்தமல்லிக்குப் பொம்பளப் புள்ள தனியா பஸ்ல போவறதுதான் இடிக்குது!"

செங்கல்வராயன் இதைச் சொல்லிவிட்டு, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

எதிரே இருந்த கஜபதிக்கு மார்க்கெட்டில் பாத்திரக்கடை. கடைக்குள் கால் வைத்த ஆளை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதனால்தான் மனைவி கமலம், "எங்க அண்ணன் தன் பொண்ணு சௌம்யாவை காலேஜுக்கு அனுப்ப மாட்டேங்கிறாரு. வெள்ளிக்கிழமையோட அட்மிஷன் முடியுது. நீங்க பேசினாத்தான் மசிவாரு" என்று உசுப்பிவிட்டு, கூடவே வந்தும் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தக் காலத்துல கீற மச்சான்?" கஜபதி ஆரம்பித்தார். "நகை போட்டு அனுப்பினா அடகுக்குப் போவும். படிப்ப எவன் அடகு வெப்பான்? கட்டினவன் சரியில்லன்னாலும் அது கால்ல அது நிக்கும்."

"சரக்கு நல்லாத்தான் கீது. நீ வாங்கினியா?"

"இன்னாது?"

"உம் பொண்ணு அகல்யா எம் பொண்ண விட நல்ல மார்க்கு. அத்தக் கொண்டாந்து கல்லாவுல குந்த வெச்சிகினு கீற. தங்கச்சி கெஞ்சினதுக்கு, 'தனியா பஸ் ஏத்த மாட்டேன்'னியாம். எனக்கு மட்டும் விக்க வந்துட்ட!"

கஜபதிக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொன்ன நாளிலிருந்து அகல்யா அவரிடம் கடைக்கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. கமலத்தைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"உடு மச்சான். டீ சாப்ட்டு கெளம்பு." செங்கல்வராயன் எழுந்தே விட்டார்.

வியாபாரம் படியாமல் ஆள் எழுந்து போவதா? கஜபதியின் நாக்கு முந்திக்கொண்டது.

"இரு, இரு! உனக்குத் தொணதான பிரச்சினை? கொடம் வாங்கினா டம்ளர் கொசுறு குடுக்கறவன் நானு. அகல்யாவையும் அதே காலேஜ்ல சேக்கறேன். ரெண்டும் ஒண்ணா போய் ஒண்ணா வரட்டும். இப்ப இன்னா சொல்ற?"

"பேச்சு மாற மாட்டியே?"

"கஜபதி சொன்னா சொன்னதுதான்!"

செங்கல்வராயன் தாடையைத் தடவினார், பெருமூச்சு விட்டார், கடைசியில் அரைமனதாகக் கையை நீட்டினார்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். "வரேம்ப்பா" என்று கஜபதியைப் பார்த்து அகல்யா சிரித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பெண்கள் இருவரும் ஏறினார்கள். கண்டக்டர் சௌம்யாவைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"இன்னாம்மா, காலேஜ் தொறந்த நாள்லேர்ந்து தனியாவே வந்துகினு இருந்த. இன்னிக்குத்தான் தொண கெடச்சுதா?"

கஜபதி மெல்லத் திரும்பினார். கமலமும் செங்கல்வராயனும் வெயில் கொளுத்தும் வானத்தைப் பார்த்தபடி, மழை வருமா வராதா என்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.