வாய் பிளந்து கேட்ட ரசிகர்

"இதனால் சகல பற்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இன்று மாலையோடு இந்த ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் உள்ள பந்தம் முடிகிறது!"

பல் டாக்டர் துளை போடும் கருவியைச் செங்கோல் மாதிரி உயர்த்திப் பிடித்து அறிவித்தார். கேட்க இருந்தது ஒரே ஆள், அவர் மனைவி. அங்கே வரவேற்பு, உதவி, பெருக்கல், துடைப்பு எல்லாம் அவள்தான்.

"கையில இருக்கறதைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க. நாவல் எழுதினா வேலையை விடணுமா?"

"ஊரார் பல்லைப் பார்த்தே என் ஆயுசு போச்சுடி! என் நாவலைப் பாரு, ஒரு மனுஷன் வாழத் தவறின அஞ்சு வாழ்க்கை. கப்பல் கேப்டன், பாடகன், மலையேறி, ஓவியன், துறவி. எழுநூறு பக்கமும் ஏக்கம்!"

"அஞ்சுல நான் எதுல வர்றேன்?"

டாக்டர் இருமினார். "கதையோட வேகம் கெட்டுடும்னு..."

"கேப்டன் சட்டைக்குப் பொத்தான் யார் தைக்கறா?"

"இலக்கியத்துல பொத்தான் அறுந்து போகாது."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் சிரிப்போடு போகிறதாக இல்லை. ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ள ஒரு இளம் டாக்டர் தயாராக இருந்தார். 'சரி' என்று ஒரு போன் போட்டால் கதை முடிந்தது. மகளின் படிப்போ இன்னும் பாதிகூட முடியவில்லை.

"யாராவது நல்லா இருக்குன்னு சொன்னாங்களா? என் தம்பி உங்களைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போயிடறான்."

"சொந்தக்காரன் சொல்லி என்ன ஆகணும்? இன்னிக்கு முதல் தடவையா வர்ற ஒருத்தரை அனுப்பு. நாவலைச் சொல்லிப் பார்க்கறேன். அவர் ரசிச்சா ஆஸ்பத்திரியைக் குடுத்துடறோம். ரசிக்கலேன்னா சாகற வரைக்கும் பல்லு!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாட்டேன்."

முன்னறையில் காத்திருந்தவர்களை அவள் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்து, ஏதோ சொல்லி, உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போனாள்.

டாக்டர் முகமூடியை மாட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார். எழுநூறு பக்கமும் அவருக்கு மனப்பாடம். ஊசி போட்ட கையோடு, கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடியே தொடங்கினார்.

"'கடலே, நீ என்னை அழைத்தாய். நான் வரவில்லை. ஏன் வரவில்லை?'"

பெரியவரின் வலது கை மெல்ல உயர்ந்தது.

டாக்டருக்குப் புல்லரித்தது. ஊசி போட்டாயிற்று, வலி இருக்க வழியில்லை. ஆகவே இது இலக்கியம்தான். கருவியை நிறுத்தி, அதே வரியை இன்னும் உருக்கமாகச் சொன்னார். கை இறங்கியது.

மறுபடி குடைந்தார். பாடகன் மேடையேறும் இடம். கை உயர்ந்தது. நிறுத்தினார், இரண்டாம் முறை சொன்னார். மலையேறி வழுக்கி விழுந்தபோதும் கை. ஓவியன் தூரிகையை உடைத்தபோது இன்னும் வேகமாகக் கை. துறவி காட்டுக்குக் கிளம்பியபோது இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்தன. பெரியவரின் கண்ணோரம் நீர் திரண்டது. டாக்டருக்கும்தான்.

பல்லை அடைத்து முடித்ததும் போனும் கையுமாகக் குரல் கொடுத்தார்.

"இங்க வா! அஞ்சு வாழ்க்கைக்கும் கையைத் தூக்கினார்! கண்ணுல தண்ணி! நான்தான் சொன்னேனே, பேச்சுன்னா பேச்சு!"

மனைவி ஓடி வந்தாள். பெரியவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அவளைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"பார்த்தியா? காதுக்கு விருந்துங்கறார்!" டாக்டர் எண்களை அழுத்தத் தொடங்கினார்.

அவள் அங்கியின் பையிலிருந்து எதையோ எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தாள்.

"காது மிஷினைக் கேட்கறார். குடையற சத்தம் ஆகாதுன்னு வெளியிலேயே கழட்டிக் குடுத்துட்டார்; அதுக்கு முன்னாடி, வலிச்சாக் கையைத் தூக்குங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். போனை வைங்க, அடுத்தவருக்கு ரெண்டு பல்லு."