மருமகள் குடும்பமா?

"கிடைச்சிருச்சு தர்ஷனா, உங்க கடை தப்பிச்சிருச்சு" என்றபடி சட்டத்தரணி சஞ்சீவனி பழைய தீர்ப்பொன்றை மேசையில் விரித்தார். தர்ஷனாவும் அவளுடைய அப்பா அழகரும் கதிரைகளை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.

பிலிமத்தலாவையில் அது தர்ஷனாவின் மாமனார் பெயரில் இருந்த வாடகைக் கடை. கணவன் இறந்த பிறகு தர்ஷனா மாமனாரோடு சேர்ந்து அதை நடத்தினாள். இப்போது மாமனாரும் இல்லை. வாடகைக்காரர் இறந்தால் அவர் குடும்பத்தவர் தொடரலாம் என்கிறது சட்டம். மருமகள் குடும்பமில்லை, கடையை விடு என்கிறார் கட்டடச் சொந்தக்காரர்.

"முப்பது வருசத்துக்கு முந்தி இதே சண்டை நடந்திருக்கு. கூடவே இருந்து கடையைப் பார்த்த மருமகளும் குடும்பம்தான்னு தீர்ப்பு."

"அந்தக் கோர்ட்டு சொன்னத இந்தக் கோர்ட்டு கேக்கணுமா?" என்றார் அழகர்.

"அதுதான் ஐயா விசேஷம். அந்தக் கேஸ்ல தோத்த கட்டடச் சொந்தக்காரர் விடாம மேன்முறையீட்டுக்குப் போய் அங்கயும் தோத்திருக்கார். மேல் கோர்ட்டு ஒரு சொல்லுக்குச் சொன்ன அர்த்தத்தைக் கீழ மீற முடியாது. அவர் முதல்லயே பேசாம வீட்டுக்குப் போயிருந்தா, நம்ம கையில ஒண்ணுமே இல்ல."

தர்ஷனா சிரித்துவிட்டாள். "யாரு மிஸ் அந்தப் பிடிவாதக்காரப் புண்ணியவான்?"

சஞ்சீவனி முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அழகர் எழுந்துவிட்டார்.

"பேரைத் தேடாதீங்க மிஸ், அது நான்தான். மருமக எப்படிக் குடும்பமாவான்னு ரெண்டு கோர்ட்டுலயும் நின்னு கேட்டேன்."

அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

"நல்லவேளை, தோத்தேன்."