இரண்டு வாளிச் சாயம்

தெருவில் திறந்து கிடந்த பாதாளச் சாக்கடைக் குழியை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

விரல் பத்தும் மஞ்சள்.

குழிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஆவுடையப்பன். அந்த மனுஷனுக்கு விரல் பத்தும் நீலம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மழை அடித்தால் இரண்டு கொல்லையிலும் சாக்கடை பொங்கும். உன் வீட்டுக் கழிவுதான் என் பக்கம் வருகிறது என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். போன ஐப்பசியில் சண்டை முற்றி, தெரு பார்க்க இருவருமே ஒரே சபதத்தைப் போட்டார்கள். என் வீட்டுக் குழாய் தனியாகத்தான் தெருவுக்குப் போகிறது, இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுகிறேன்.

அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது ஊர்ச் சாக்கடை முழுவதையும் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறோம் என்று நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். கையில் சிலேட்டு மாதிரி ஒன்று. அதில் இரண்டு வீட்டுக் குழாய்க் கோடும் சுவருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் கோடாகத் தெருவுக்கு வந்தது.

“மண்ணுக்குள்ள கெடக்கத நீ எப்பம்மா எறங்கிப் பாத்த?” என்றார் அவர்.

அவள் கோபப்படவில்லை. ஆளுக்கொரு நிறத்தில் சாயப் பொட்டலம் கொடுத்து, கக்கூஸில் கரைத்து ஊற்றிவிட்டுத் தெருக்குழியில் வந்து பாருங்கள் என்றாள்.

அடுத்தவர் கையை அவர் நம்புவதில்லை. அவரே பிரித்தார். அவரே கரைத்தார். ஒரு வாளி மஞ்சளையும் கக்கூஸில் கவிழ்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்.

குழிக்குள் நாலைந்து குழாய் வாய்கள். எது யாருடையது என்று யார் கண்டது.

ஒரு வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

மஞ்சள் இல்லை.

நீலமும் இல்லை.

நல்ல கிளிப்பச்சை.

தெருவே கைதட்டிச் சிரித்தது.

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். எதிரே ஆவுடையப்பனும் தொட்டுப் பார்த்தார். ஒரு மீசை மஞ்சளாயிற்று. ஒரு மீசை நீலமாயிற்று.

மறுநாள் விடிந்ததும் அவர் சலூன் கதவைத் தள்ளினார்.

ஆவுடையப்பன் முந்திக்கொண்டிருந்தார். மூக்குக்குக் கீழே நுரை. நாற்காலிக் கையை நீல விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. கத்தி கிட்டே வந்துவிட்டது.

“ஏய், நிறுத்துப்பா!”

கத்தி நின்றது.

“மீசையில்லாத இந்த மூஞ்சியக் காலங்காத்தால யாருவே பாக்கது? பக்கத்து வீட்டுக்காரன் நாந்தான பாக்கணும்.”

ஆவுடையப்பன் துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார்.

அவர் அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சொன்ன சொல் அவருக்கும் இருக்கிறதே. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார்.

பிரஷ் ஜில்லென்று பட்டது.

காதை மட்டும் பக்கத்து நாற்காலிப் பக்கம் தீட்டி வைத்திருந்தார்.