கடப்படியில் வேப்பிலை

சீதேவிப்பிள்ளையின் வளவு வாசலில், கடப்படியில், வேப்பிலை கட்டி இன்றோடு இரண்டு நாள். வேலிக்கு வெளியே, உச்சி வெயிலில், சாமித்தம்பி நின்றுகொண்டிருந்தான். கூப்பிட வாயும் வரவில்லை, திரும்பிப் போகக் காலும் வரவில்லை.

அந்த வேப்பிலையைக் கண்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்குச் சோறும் பெரிதாக இருக்கவில்லை என்பது வேறு கதை. உலக யுத்தம் தொடங்கி நாலாம் வருடம். கூப்பன் அரிசி கிழமையில் மூன்று நாளுக்குத்தான் காணும், வெட்டு முடிந்து கிடந்த வயல் வட்டையிலே கூலி வேலையும் இல்லை.

அவனுக்கு ஒரே மகள், பூரணம், ஐந்து வயது. உப்புக் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, புளிப்பாய் ஏதாவது தா என்று ஒரு மாதமாய் அழுதவள். அந்த அழுகை பொறுக்காமல் அவன் செய்த காரியம்தான் இப்போது அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. மூன்று கிழமைக்குள் மூன்று தடவை, விடியுமுன் இந்த வேலியைப் பிரித்து நுழைந்து, சீதேவிப்பிள்ளையின் தக்காளிப் பழங்களை ஆய்ந்து மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தான்.

கடைசியாகப் போனது, வேப்பிலை கட்டியதற்கு முதல் நாள். அந்தப் பழத்தைத் தின்ற பிள்ளைக்கு இன்று காலையிலிருந்து உடம்பு சுடுகிறது.

“அம்மாள் வந்திருக்கிற வீட்டுப் பொருளக் கேளாம எடுத்தா அவ பொறுப்பாவா?” என்று அவன் மனைவி ஆச்சிப்பிள்ளை தலையில் கைவைத்தாள். “போய் உள்ளதச் சொல்லி, அந்த வீட்டு மஞ்சத்தண்ணி ஒரு செம்பு வாங்கிட்டு வாங்க. மானம் போனாப் போகட்டும். புள்ளைய விட்டிராதீங்க.”

வேலிக்கு மேலால் தோட்டத்தைப் பார்த்தான். கச்சான் காற்று ஊரையே காய்ச்சி எடுத்த அந்த ஆடி மாதத்தில், பச்சையாய் இருந்தது இந்த வளவு ஒன்றுதான். ஒரு பக்கம் கொச்சி மிளகாய்க் கன்று, மறுபக்கம் தக்காளி. மேற்கு வெயில் படாமல் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தென்னங்கிடுகைச் சாய்த்து, அடியில் வைக்கோல் பரப்பி, மணலில் தோண்டிய பூவலிலிருந்து தாயும் மகளும் குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றி வளர்த்தவை. ஆண் துணை இல்லாத வீடு.

அப்படியும் சூட்டில் பூவெல்லாம் உதிர்ந்து, பத்துக்கு ஒன்றுதான் காயாகும். அந்த ஒன்றைத்தான் அவன் பறித்துக்கொண்டு போனான். நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

குசினிப் பக்கமிருந்து கொச்சிக்காய் வறுக்கும் காரம் காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. அடக்கப் பார்த்தும் முடியாமல் நாலு தும்மல் தும்மினான். சத்தம் கேட்டுச் சீதேவிப்பிள்ளை வெளியே வந்தாள்.

கண் இரண்டும் குழிவிழுந்து, பல நாள் நித்திரை காணாத முகம். நோயாளியைப் பார்த்துப் பார்த்தே களைத்துவிட்டாள் பாவம் என்று எண்ணிக்கொண்டான்.

“ஆரு, சாமித்தம்பியா? என்ன மனே, இந்த வெயிலுக்குள்ள?”

“மகளுக்கு எப்படி இருக்கு மாமி?”

அவள் குசினிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “வந்த அலுவலச் சொல்லுங்க,” என்றாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். வீட்டிலிருந்து வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றும் இப்போது நினைவில் இல்லை.

“மாமி, உங்கட தக்காளிப்பழத்த ஆய்ஞ்சது நான்தான். மூணு தரம். அம்மாள் வந்திருக்கிறது சத்தியமா எனக்குத் தெரியா. என்ன தண்டனையெண்டாலும் எனக்குத் தாங்க. என்ட புள்ளைக்கு மட்டும் ஒரு செம்பு மஞ்சத்தண்ணி வேணும். விடியத்தொட்டு உடம்பு சுடுது.”

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டான். வெயிலில் நின்ற களைப்போ, பசியோ, பயமோ, எல்லாம் சேர்ந்து வந்த அழுகை.

சீதேவிப்பிள்ளை திட்டவில்லை. முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த உரலில் மெல்ல உட்கார்ந்தாள்.

“உங்களோட வேற ஆரும் வந்தாங்களா?”

“இல்ல மாமி. நான் தனியத்தான்.”

“புள்ளைக்கு மேலில ஏதும் பொரிஞ்சிருக்கா?”

“ஒண்டுமில்ல. சூடு மட்டும்தான்.”

அவள் நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டாள். கோபப்படுவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை போலிருந்தது.

“நாளையில இருந்து விடிய வந்து தண்ணி அள்ளி ஊத்துவீங்களா, மனே? எங்க ரெண்டு பேருக்கும் ஏலாமப் போயிற்று. போகக்குள்ள, புள்ளைக்குப் பழம் கேட்டு வாங்கிட்டுப் போங்க.”

சாமித்தம்பி கண்ணைத் துடைத்தான். தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை.

“வாறன் மாமி. ஆனா, அம்மாள் இருக்கிற வளவுக்குள்ள நான் எப்படிக் கால் வைக்கிற?”

சீதேவிப்பிள்ளை, குசினிக்குள் கொச்சிக்காய் வறுத்துக்கொண்டிருந்த மகளின் பக்கம் திரும்பினாள்.

“புள்ளே, அந்த வேப்பிலைய அவிழ்த்துப் போடு. கள்ளன் வந்திட்டார்.”