தூக்கிய விரல்

ஓர் உடம்பில், ஒரு செல்லுக்குள்ளே, விரலப்பன் என்றொரு புரதம் இருந்தான். அவனுக்கு ஒரே வேலை. ‘பெருகு, பெருகு’ என்று கத்தத் துடிக்கும் மரபணு ஒன்றின் வாயை விரலால் பொத்திக்கொண்டு நிற்பது. அந்த விரல் தொய்ந்துவிடாமல் உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தது ஒரு துத்தநாகத் துணுக்கு.

காவல் ஒழுங்காக நடந்ததால் செல்லுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அவனை ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

“எவனாவது ஒரு வணக்கம் வைக்கிறானா பாரு! கொஞ்ச நேரம் விரலை எடுக்கிறேன். அப்பத் தெரியும் என் அருமை.”

“வேண்டாம் அண்ணே, உடம்பே கெட்டுப்போயிடும்,” என்றது துத்தநாகம்.

“நீ சும்மா கிட.”

எடுத்தான். மரபணு தொண்டை கிழியக் கத்தியது. செல் உப்பியது, நடுவில் இடுங்கியது, இரண்டாகப் பிரிந்தது. விரலப்பனுக்கு ஒரே குஷி. புதுச் செல்லை எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“பார்த்தீரா, நான் விரலை எடுத்ததும் என்ன ஆச்சுன்னு?”

அங்கேயும் ஒரு விரலப்பன் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றான். “அதை நானல்லவா உம்மைக் கேட்கணும்!”

“முதல்ல அந்த மரபணு வாயைப் பொத்துங்க அண்ணே,” என்று துத்தநாகம் கெஞ்சியது.

“அவன் என்னைப் பாராட்டட்டும், பொத்துறேன்.”

அந்தப் புது விரலப்பனும் அதையேதான் சொன்னான். இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, மூச்சுவிட இடமில்லாமல் பெரிய கட்டியாகத் திரண்டுவிட்டது. உள்ளே அத்தனை விரலப்பன்களும் விரலைத் தூக்கியபடி பாராட்டுக்குக் காத்திருந்தார்கள். பாராட்டத்தான் அங்கே வேறு ஆளே மிச்சமில்லை.